குடியை விட்டாச்சு, மனம் மட்டும் சரியில்லை: என்ன செய்வது?

"முதலில குடியை விடட்டும், மற்றதெல்லாம் பிறகு பாப்பம்." வீட்டில் ஒருவர் சாராயத்தையோ தூளையோ (ஹெரோயினையோ) விடப் போகிறார் என்றதும் சொந்தக்காரர் சொல்வது இதைத்தான். இதில் பாதிதான் சரி. குடியால் வந்த மனச்சோர்வு, குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். குடிக்கு முன்பே இருந்த சோர்வும் பதற்றமும் அப்படித் தணியாது. அதை அமுக்கி வைத்திருந்ததே போத்தல்தான். போத்தல் போனதும் அது முழுசாக வெளியே வரும். அதைக் கவனிக்காமல் விட்டால், நல்லாயிருந்த ஆள் சில மாதத்தில் மறுபடி தவறணைப் பக்கம் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே இரண்டு வருத்தத்தையும் ஒரே காலத்தில் பார்க்க வேண்டும். ஒன்று முடிந்து மற்றது என்று வரிசை போட்டால் இரண்டும் முடியாது.

முதல் கிழமை

தினமும் குடித்தவர், அதுவும் காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு வாய் போட்டவர், வீட்டில் இருந்துகொண்டு ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், காரணமில்லாத பயம் எல்லாம் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் அநேகமாக முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் ஆள் இடம் காலம் தெரியாமல் பிதற்றினால், சுவரில் பூச்சி ஊருது என்றால், உடம்பு கொதித்தால், அது உயிருக்கே ஆபத்து. பேய் பிடிச்சிட்டுது என்று நூல் கட்ட ஓடாமல் 1990க்கு அடியுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வைத்தியசாலையில் மருந்தை அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே விற்றமின் பி1 கொடுப்பார்கள். சாப்பாடு குறைந்து குடி கூடியவரின் மூளை கெடாமல் இருக்க அது அவசியம்.

டயசிபாம், அல்பிரசோலம், பிரிகபலின் மாத்திரைகளைக் கணக்கில்லாமல் போட்டவருக்கும் இதே விதிதான். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

தூளை விட்டவருக்கு 8 முதல் 24 மணித்தியாலத்தில் உடம்பு உளைவு, மூக்கொழுகல், வயிற்றோட்டம் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு பத்து நாளில் அடங்கும். அந்த நாட்களில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) கரைத்துக் குடிக்க வைப்பது முக்கியம். உண்மையான ஆபத்து அதன் பிறகு இருக்கிறது. உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஒரு மாதம் விட்டுவிட்டு முந்திய அளவையே எடுத்தவருக்கு மூச்சு நின்றுபோகலாம். மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவருக்கு முதல் சில கிழமைகள் அதனால்தான் மிகவும் கவனமான காலம்.

ஐஸ் (மெத்அம்பெட்டமின்) பாவித்தவரின் கதை வேறு. முதல் சில நாள் நித்திரையும் பசியுமாகக் கிடப்பார். பிறகு எதிலும் ருசி இல்லாத ஒரு வெறுமை கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். மகளின் பிறந்தநாளிலும் சந்தோசம் வராது. இது குணக்கேடு இல்லை, மூளை தன் நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம். ஆனால் தற்கொலை எண்ணம் அதிகம் வரும் காலமும் இதுவே.

எண்பது பக்கக் கொப்பி

எந்தச் சோர்வு குடியால் வந்தது, எது முன்பே இருந்தது என்று அறிய ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு இரவும் ஒரேயொரு வரி. திகதி, பாவித்ததா இல்லையா, எத்தனை மணித்தியாலம் நித்திரை, சோர்வு பத்துக்கு எத்தனை, பதற்றம் பத்துக்கு எத்தனை, அன்று செய்த ஒரு வேலை. இப்படி:

"செவ்வாய். இல்லை. 4 மணி. சோர்வு 7. பதற்றம் 8 (பின்னேரம் ஆறு மணிக்கு). சைக்கிள் டியூப் ஒட்டினேன்."

இதற்கு மேல் எழுதப் போனால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். நாலு கிழமை முடிய இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஏழும் எட்டுமாக இருந்தது நாலும் மூன்றுமாக இறங்கியிருந்தால் உடம்பு தானாகத் திருந்துகிறது. அப்படியே நின்றால், அல்லது கூடினால், அது தனி வருத்தம். மருந்தோ உளவளத்துணையோ இரண்டுமோ தேவை. இன்னும் இரண்டு கேள்விகள் உதவும். குடி தொடங்க முன்பே, பள்ளிக்கூடக் காலத்திலேயே இந்தப் பயமும் சோர்வும் இருந்ததா? இடையில் மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்த காலத்திலும் இருந்ததா? ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் நாலு கிழமை காத்திருக்க வேண்டாம், இப்போதே வைத்தியரிடம் போகலாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தவர் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. வீட்டார் நேராகக் கேளுங்கள்: "சாகோணும் எண்டு யோசினை வருதோ?" கேட்டால் எண்ணத்தை ஊட்டியதாக ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆகாது. ஓம் என்றால் ஆளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவு பகல் எப்போதும் இயங்கும். அவசரமென்றால் நேரே வைத்தியசாலை.

கிளினிக்கில் என்ன சொல்வது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக ஏலாதவர் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் போகலாம். அரச கிளினிக்கில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. போதைப்பொருள் பற்றி மட்டும் கதைக்க 1927 இருக்கிறது; அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

சின்ன ஊர். கிளினிக் வாங்கில் பக்கத்து வீட்டு அக்கா இருப்பார். "விசர் ஆசுப்பத்திரிக்குப் போறான்" என்று ஒரு கதை வரும். வரட்டும். தவறணை வாசலில் விழுந்து கிடந்தபோது வந்த கதையை விட இது நல்ல கதை. உண்மையிலேயே கூச்சம் தாங்க முடியாதென்றால் முதலில் குடும்ப வைத்தியரிடமோ வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லி அங்கிருந்து கடிதம் வாங்குங்கள்.

உள்ளே கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். "நித்திரை இல்லை டொக்டர்" என்று மட்டும் சொன்னால் நித்திரை மாத்திரை மட்டும் கிடைக்கும். அதுதான் இந்த ஆளுக்குக் கொடுக்கவே கூடாதது. இந்த விசயங்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன பாவித்தேன், எவ்வளவு, கடைசியாக எப்போது, சோர்வும் பதற்றமும் எத்தனை கிழமையாக, இப்போது போடும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட, தற்கொலை எண்ணம் உண்டா இல்லையா. கொப்பியையும் காட்டுங்கள். சோர்வுக்குத் தைரொயிட் குறைபாடும் இரத்தசோகையும் கூடக் காரணமாகலாம். இரத்தப் பரிசோதனை தேவையா, ஈரல் எப்படி இருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாக

சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் முதலில் தருவது புளுஒக்சிற்றின் அல்லது செர்ட்ராலின். இவற்றுக்கு அடிமையாக மாட்டீர்கள். போட்டதும் ஏறாது, சந்தையில் விலையும் போகாது. வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை, முழுப் பலனுக்கு ஆறு கிழமை வரை எடுக்கும். அதற்குமுன் முதல் பத்து நாளில் ஓங்காளம், நித்திரைக் குழப்பம், பதற்றம் கூடுதல் வரலாம். இங்கேதான் ஆட்கள் தவறுகிறார்கள். "மருந்து போட்டுத்தான் கூடிச்சு" என்று ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டு, அந்தப் படபடப்பை அடக்க ஒரு கால் போத்தல் வாங்குவார்கள். சாப்பாட்டோடு காலையில் போட்டால் ஓங்காளமும் நித்திரைக் குழப்பமும் குறையும். தாங்க முடியாவிட்டால், அல்லது அந்த நாட்களில் அமைதியின்மையோடு சாகும் எண்ணம் கூடினால், உடனே வைத்தியரிடம் போங்கள்.

சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற ஒரு வெட்டு வரும். செர்ட்ராலினில் இது கூட, புளுஒக்சிற்றினில் குறைவு.

"குடிச்ச நாளில மருந்து போடக் கூடாது" என்று ஊரில் ஒரு விதி உலாவுகிறது. விளைவு, குடித்தவர் மருந்தை விடுகிறார், மருந்தை விட்டதால் மறுநாளும் குடிக்கிறார். சறுக்கினால் எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். பொதுவாகப் புளுஒக்சிற்றின் போன்றவற்றைத் தொடரச் சொல்வார்கள். நித்திரை மாத்திரை வகையோடு மது சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம்; சோர்வுக்குத் தரும் பழைய மருந்தான அமிற்றிப்டிலினோடும் மது ஆகாது.

குடியைத் தொடவிடாமல் தடுக்கத் தரும் டைசல்பிராம் மாத்திரையின் கதையே வேறு. அது உடம்பில் இருக்கக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். நிறுத்திய பின்னும் இரண்டு கிழமை வரை அதன் வேலை இருக்கும். சோற்றில், தேத்தண்ணியில் ஆளுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் சிலர் வாங்குவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஆள் செத்தும் போகலாம். தெரிந்து போடுபவரும் அரிஷ்டத்தையும் ஆசவத்தையும் தொடக் கூடாது. அவை புளித்து உண்டாகும் மருந்துகள், இயல்பாகவே மது உள்ளவை. "ஆயுர்வேதம்தானே" என்று உடம்பு தேற ஒரு மூடி குடித்து மாட்டிக்கொள்வோர் உண்டு. டைசல்பிராம் போடாதவரும் அரிஷ்டத்தை விடுவதே நல்லது, அந்த மணமே ஆசையைக் கிளப்பும்.

பதற்றத்துக்குப் புறோபிரனலோல் தந்தால் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முட்டு உள்ளவருக்கு அது ஆகாது. டயசிபாம், குளோனசிபாம் வகையை வைத்தியர் தந்தால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். முதல் கிழமை மதுவை இறக்குவதற்கு அது நல்ல மருந்து. அதற்குப் பிறகு நீண்டால் ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்த கதை. பாமசியில் துண்டில்லாமல் வாங்குவதும் அண்ணியின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். மாத்திரைகளை வீட்டில் ஒருவர் வைத்திருந்து கிழமைக்குரியதை மட்டும் கொடுப்பது நல்ல வழக்கம்.

நோன்பு காலத்தில் மருந்தை விட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தரம் போடுவதை நோன்பு திறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ மாற்றலாம். இரண்டு மூன்று வேளை மருந்தென்றால் ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேளுங்கள். கந்தசஷ்டி விரதக்காரருக்கும் ஒரு சொல்: மீண்டு வரும் முதல் வருடம் பட்டினி விரதம் வேண்டாம், பால் பழத்தோடு இருங்கள். வெறும் வயிற்றின் நடுக்கத்தை மூளை ஆசையென்றே எடுத்துக்கொள்ளும்.

பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரை

நாள் முழுக்கச் சமாளித்தவர் விழுவது அநேகமாக இந்த மூன்று மணித்தியாலத்தில். கடற்றொழிலோ மேசன் வேலையோ, அன்றைய காசு கையில் வந்திருக்கும். உடம்பு களைத்திருக்கும், மத்தியானம் சாப்பிட்டது கரைந்திருக்கும், கூட்டாளி சந்தியில் நிற்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும் ஒன்றாக வரும் நேரம் அது. ஆகவே முதலில் சாப்பாடு. நாலரைக்கே அவித்த கடலையோ பாணும் வாழைப்பழமுமோ வயிற்றில் இருக்க வேண்டும். சம்பளத்தை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், அல்லது வீட்டுக்காரி நேரே வந்து வாங்கட்டும். வெட்கமாக இருக்கும்தான். ஆறு மாதத்துக்கு மட்டும்.

வீட்டுக்குப் போகும் வழியை மாற்றுங்கள். பழைய வழியில் பார் இருந்தால் பத்து நிமிடம் சுற்றினாலும் சுற்றுங்கள். ஐந்து மணிக்குப் பிறகு வெயில் இறங்கியதும் நடை. திருகோணமலைக் கோட்டை வாசலால் ஏறி, மான்கள் மேயும் மரநிழலைக் கடந்து கோணேசர் கோயில் வரை போய் இறங்கினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். சோர்வுக்கு நடை வேலை செய்யும், ஆனால் மனம் வந்த பிறகு நடப்போம் என்று இருந்தால் நடக்கவே மாட்டீர்கள். செருப்பைப் போடுவது மட்டும்தான் இன்றைய வேலை என்று வையுங்கள். கடற்கரையில் தனியே இருந்து யோசிப்பது வேறு விசயம், அது சோர்வைக் கூட்டும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் பரிமாறும் வேலை செய்பவர் முதல் வருடம் சமையலறைக்கோ தோட்டத்துக்கோ மாறக் கேட்பது நல்லது.

ஆசை வந்தால் அது 15 முதல் 30 நிமிடத்தில் ஏறி இறங்கும். சண்டை பிடிக்க வேண்டாம், கடத்தினால் போதும். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் குறியுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒருவருக்குப் போன் அடியுங்கள். அந்த ஒருவர் யாரென்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கின்றன, அங்கே கிடைக்கும் ஒரு இலக்கம் பல வேளைகளில் சொந்தத் தம்பியை விட உதவும்.

போயா தினத்தில் கடை பூட்டு என்று நிம்மதியாக இருக்காதீர்கள், முதல் நாளே வாங்கி ஒளித்து வைப்பது ஊர் வழக்கம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் தொடங்கிக் கடலுக்குப் போக முடியாத கிழமைகளில் வேலையும் இல்லை, வெளிச்சமும் குறைவு. மாரிக்கென்று ஒரு வேலையை, வலை பொத்துவதோ வீட்டு வயரிங்கோ, புரட்டாசியிலேயே பிடித்து வையுங்கள்.

நெஞ்சு படபடத்தால்

முதல் தடவை வரும் நெஞ்சு நோவை "பதற்றம்தான்" என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். இதயத்தில் கோளாறில்லை என்று வைத்தியசாலையில் ஒரு தரம் பார்த்துச் சொல்லட்டும். பிறகு வரும்போது இது செய்யுங்கள். இருந்துகொண்டு மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே எடுங்கள், ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். வெளியே போகும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். பலர் பயத்தில் பெரிதாக இழுத்து இழுத்துத் தலைச்சுற்றையும் விரல் விறைப்பையும் கூட்டிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். பதற்றம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கும். இருந்த இடத்தை விட்டு ஓடினால் அடுத்த முறை அந்த இடமே பயமாகிவிடும். பஸ்ஸில் பதற்றம் வந்தால் இறங்காதீர்கள்.

தேத்தண்ணியைக் கணக்குப் பாருங்கள். குடியை விட்டவர்கள் நாளுக்கு எட்டுப் பத்து பிளேன்டீ குடித்துவிட்டு நெஞ்சு அடிக்குது என்பார்கள். மூன்றோடு நிறுத்துங்கள், பகல் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். சக்தி பானம் அறவே வேண்டாம்.

நித்திரை சரியாக மாதங்கள் எடுக்கலாம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், பகல் நித்திரையை அரை மணிக்குள் முடியுங்கள். படுத்து இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழும்பி மங்கல் வெளிச்சத்தில் இருங்கள். கனவில் குடிப்பதும், குடித்துவிட்டோமே என்று அலறி எழும்புவதும் மீண்டு வருபவருக்குச் சாதாரணம். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வீட்டாருக்கு

கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான், கட்டாருக்கு அனுப்பினால் திருந்துவான் என்ற இரண்டும் வருத்தத்தை வேறு வீட்டுக்கும் வேறு நாட்டுக்கும் அனுப்புவதுதான். பத்திரகாளி கோயிலில் நேர்த்தி வையுங்கள், பள்ளியில் துஆ கேளுங்கள், மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் கூட்டிப்போகாதீர்கள். ஒவ்வொரு நாளும் வாயை மணந்து பார்ப்பதை விட, பின்னேரம் நாலரைக்குச் சாப்பாடு வைப்பது பெரிய உதவி.

சறுக்கினால்

ஒரு நாள் குடித்தது ஒரு நாள் குடித்தது மட்டும்தான். "எல்லாம் போச்சு" என்ற அடுத்த எண்ணம்தான் அதைக் கிழமையாக்கும், மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த எண்ணம் வலுவாகவே வரும். அன்றிரவே இருக்கும் மிச்சத்தை வெளியே கொட்டி விடுங்கள். முன்பு பேசி வைத்த ஆளுக்கு அடித்து மூன்றே விசயம் சொல்லுங்கள்: என்ன, எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறேன். தூள் என்றால் தனியே படுக்க வேண்டாம், யாராவது பக்கத்தில் இருக்கட்டும். எழுப்பினாலும் எழும்பாமல் மூச்சு மெதுவானால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990. நாட்கணக்காகத் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி வைத்தியசாலையில்தான் நிறுத்த வேண்டும். கொப்பியில் அன்றைய வரியை எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அந்தத் திகதிக்கு முந்திய மூன்று நாள் வரிகளில் நித்திரை எத்தனை மணித்தியாலம், பதற்றம் எத்தனை என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்பார்.